ஹேமிஷும் ஜேம்ஸும் ஒரே பெயர்தான்! – ஸ்காட்லாந்துப் பெயர்களின் கதை

2005 மார்ச் மாதம் ஆக்லாந்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த டெஸ்டில் நியூசிலாந்து அணிக்காக இரட்டையர் இரண்டு பேர் களம் இறங்கினார்கள். ஹேமிஷ் மார்ஷல், ஜேம்ஸ் மார்ஷல். அச்சு அசல் ஒரே உருவம். ஆண்கள் டெஸ்ட் கிரிக்கெட்டில் இப்படி உரித்து வைத்தாற்போன்ற இரட்டையர் ஆடியது அதுதான் முதல் முறை. (வாஹ் சகோதரர்களும் இரட்டையர்தான், ஆனால் அவர்கள் வேறு ரகம்.) சரி, முகம்தான் குழப்புகிறது, பெயரையாவது வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஹேமிஷ் என்பதும் ஜேம்ஸ் என்பதும் ஒரே பெயர்!

பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எட்டாம் வேற்றுமை, அதாவது விளி வேற்றுமை. கண்ணன் என்பவனைக் கூப்பிடும்போது 'கண்ணா' ஆகிறான். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மொழியான கேலிக்கிலும் இதே விளி வேற்றுமை உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே சொல்லின் கடைசி எழுத்தோடு முதல் எழுத்தும் மாறும். ஆங்கிலத்து ஜேம்ஸுக்குக் கேலிக்கில் ஷேமஸ் என்று பெயர். ஷேமஸைக் கூப்பிட வேண்டுமானால் 'அ ஹேமிஷ்' என்பார்கள். தாயார் வாசலில் நின்று பையனைக் கூப்பிடுவதைக் கேட்ட ஆங்கிலக்காரர்கள் அதுவே பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். வால்டர் ஸ்காட் 1827-ல் எழுதிய 'தி ஹைலண்ட் விடோ' கதையின் நாயகன் பெயரும் ஹேமிஷ்தான். இப்படிக் கதைகள் வழியாகப் பரவி, கூப்பிடும் சத்தமே பெயர்ச்சொல் ஆகிவிட்டது. பெண் பெயரிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. மேரிக்குக் கேலிக்கில் மாரி (நம்மூர் மாரி இல்லை). அவளைக் கூப்பிட்டால் 'அ வாரி'. இன்று வாரி என்பது ஸ்காட்லாந்தில் தனியாக ஒரு பெண் பெயர்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஸ்காட்லாந்துப் பெயர்கள் ஏற்கெனவே நன்றாகத் தெரியும். அவை ஸ்காட்லாந்துப் பெயர்கள் என்பதுதான் தெரியாது. இயான் சேப்பல், ஆலன் டொனால்ட், கிரஹாம் கூச், மால்கம் மார்ஷல், கிரெய்க் மெக்டெர்மட், கார்டன் கிரீனிட்ஜ், கீத் மில்லர், டக்ளஸ் ஜார்டின், ராஸ் டெய்லர், கைல் மில்ஸ்... ஒரு முழு லெவனையே தேற்றிவிடலாம். பாடிலைன் புகழ் ஜார்டின் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1900-ல் பம்பாயில் பிறந்தவர். ஆனால் மால்கம் மார்ஷல் பார்படாஸ்காரர், கறுப்பினத்தவர். ஒரு சின்ன மலைநாட்டின் பெயர் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அந்தத் தீவுக்கு எப்படிப் போனது என்பது அவ்வளவு இனிப்பான கதை இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் கரீபியன் கரும்புத் தோட்டங்களில் முதலாளிகளாகவும் கங்காணிகளாகவும் கணக்கர்களாகவும் ஏராளமாக இருந்தார்கள். பெரும் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1786-ல் பணக் கஷ்டம் தாங்காமல் ஜமைக்காவில் ஒரு தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போக ஏற்பாடு செய்திருந்தார். அதே வருடம் வெளிவந்த கவிதைத் தொகுப்பு நன்றாக விற்றதால் கப்பல் ஏறவில்லை.

மால்கம் என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஆறாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டியிருக்கும். 563-ல் அயர்லாந்திலிருந்து கொலும்பா என்ற துறவி படகில் வந்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு குட்டித் தீவில் மடம் அமைத்தார். லத்தீனில் கொலும்பா என்றால் புறா. அவர் மேல் மக்களுக்கு அளவு கடந்த பக்தி. ஆனால் புனிதரின் பெயரை அப்படியே குழந்தைக்கு வைப்பது மரியாதைக் குறைவு என்று அந்தக் காலத்துக் கேலிக்காரர்கள் நினைத்தார்கள். அதனால் முன்னால் ஒரு 'மைல்' சேர்த்தார்கள். மைல் என்றால் தலை மழித்தவன், அதாவது அடியவன். மைல் கொலும், கொலும்பாவின் அடியான். அதுவே மால்கம் ஆனது. தாசன் என்று முடியும் பெயர்களை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். 'கில்லி' என்று தொடங்கும் பெயர்களும் இதே வகைதான், அதற்குப் பணியாள் என்று பொருள். (விஜய் ரசிகர்கள் மன்னிக்க.) இப்போது ஸ்காட்லாந்தில் பையன்களுக்குச் சகஜமாக வைக்கும் காலம் என்ற பெயரும் அதே கொலும்பாதான்.

இதில் ஒரு வேடிக்கை. 1925-ல் பிறந்த மால்கம் லிட்டில், தன் குடும்பப் பெயர் வெள்ளைக்கார எஜமானர்கள் தந்தது என்று சொல்லி அதைத் தூக்கி எறிந்துவிட்டு எக்ஸ் என்ற எழுத்தை வைத்துக்கொண்டார். முன்பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் நான்கு அரசர்கள் வைத்துக்கொண்டிருந்த பெயர், அடியான் என்று பொருள் தரும் பெயர், அடிமைத்தனத்தை எதிர்த்த மனிதரோடு கடைசி வரை இருந்தது.

கொலும்பா இறங்கிய அந்தத் தீவின் பெயர் ஐயோனா. இன்று பெண் குழந்தைகளுக்கு ஆசை ஆசையாக வைக்கிறார்கள். ஆனால் அது ஒரு எழுத்துப் பிழை! கொலும்பாவின் வரலாற்றை கி.பி. 700-ஐ ஒட்டி எழுதிய அடம்னான் என்ற மடாதிபதி, தீவை 'ஐயோவா' என்ற பொருளில்தான் லத்தீனில் குறித்திருந்தார். பின்னால் பிரதி எடுத்தவர்கள் கையெழுத்தில் 'யு' எழுத்தை 'என்' என்று படித்துவிட்டார்கள். தலைகீழாகப் போட்டால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும் எழுத்துகள், பாவம் என்ன செய்வார்கள். ஆனால் அந்தப் பிழை நிலைத்ததற்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது. ஹீப்ருவில் 'யோனா' என்றாலும் புறாதான். கொலும்பாவுக்கும் அந்தப் பொருள்தானே! தீவின் பழைய பெயரைக் காட்டிலும் பிழைப் பெயர் துறவிக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அரசர்கள் விஷயத்துக்கு வரலாம். ஷேக்ஸ்பியர் புண்ணியத்தில் மெக்பெத் எல்லோருக்கும் தெரியும். 1040 முதல் 1057 வரை ஆண்ட நிஜ அரசர் அவர். 'மெக்' என்றால் மகன் என்பதால் அது குடும்பப் பெயர் என்று தோன்றும். உண்மையில் அதுதான் அவருக்கு வைத்த பெயர். 'வாழ்வின் மகன்' என்று பொருள். அந்த 'வாழ்வு' என்ற சொல்தான் விஸ்கி என்ற சொல்லுக்குப் பின்னாலும் இருக்கிறது. கேலிக்கில் விஸ்கிக்கு 'வாழ்வின் நீர்' என்று பெயர். அவ்வளவு அழகான பெயரை ஒரு நாடகம் கெடுத்துவிட்டது. இன்று யாரும் பிள்ளைக்கு மெக்பெத் என்று வைப்பதில்லை.

மெக்பெத்தைக் கொன்றவர் பின்னர் அரியணை ஏறிய மூன்றாம் மால்கம். 1070 வாக்கில் அவர் மார்கரெட் என்ற ஆங்கிலேய அரச குலத்துப் பெண்ணை மணந்தார். பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட அதே மார்கரெட். இவர்களுக்குப் பிறந்த மகன்கள் எட்வர்ட், எட்மண்ட், எத்தெல்ரெட், எட்கர், அலெக்சாண்டர், டேவிட். மகள்கள் எடித், மேரி. இந்தப் பட்டியலை மறுபடி ஒரு தடவை பாருங்கள். கேலிக் பேசும் அரசனின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட கேலிக் பெயர் இல்லை! ஒரு போர் கிடையாது, ஒரு சட்டம் கிடையாது, எட்டுத் தொட்டில்களில் அரண்மனையின் மொழி திசை திரும்பிவிட்டது. அதன் பிறகு தாழ்நிலப் பகுதிகளில் ஆங்கில, பிரெஞ்சுப் பெயர்கள் கொடி கட்டிப் பறந்தன. ஆனால் போன வேகத்தில் கேலிக்காரர்களும் ஒரு வேலை செய்தார்கள். மார்கரெட் கொண்டுவந்த கிரேக்கப் பெயரான அலெக்சாண்டரைத் தங்கள் நாக்குக்கு வளைத்து அலஸ்டர் ஆக்கினார்கள். இன்று அலஸ்டர் குக்கைப் பார்த்தால் மாசிடோனிய மாவீரன் யாருக்கு நினைவுக்கு வரும்?

மேற்குத் தீவுகளின் கதை வேறு. 1266 வரை அவை நார்வே அரசரின் கையில் இருந்தன. வைக்கிங் ஆட்கள் வந்து, கொள்ளையடித்து, பிறகு அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். அதனால் டார்மொட், டார்க்வில் போன்ற பெயர்களில் இடி தேவன் தோர் ஒளிந்திருக்கிறான். ரொனால்ட் என்பதும் நார்வேப் பெயர். டொனால்டோ சுத்தமான கேலிக், 'உலகை ஆள்பவன்' என்று பொருள். மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். ஆக அந்த பர்கர் கடைக் கோமாளியின் பெயர் பாதி வைக்கிங், பாதி கேலிக். அமெரிக்க அதிபர் டிரம்பின் தாயார் மேரி ஆன் மெக்லியோட், லூயிஸ் தீவில் 1912-ல் பிறந்து கேலிக் பேசி வளர்ந்தவர். அவர் மகனின் பெயருக்கு என்ன பொருள் என்று இன்னொரு முறை சொல்லத் தேவையில்லை.

இத்தனை பெயர்கள் கையில் இருந்தும் சாதாரணக் குடும்பங்களில் பெயர் தேடும் வேலையே கிடையாது. யாருக்கு என்ன பெயர் என்பது பிறக்கும் முன்பே முடிவான விஷயம். மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்குத்தான் அப்பா பெயர். பெண்களில் மூத்தவளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், அதற்கடுத்து அம்மா பெயர். பேரன் என்ற தமிழ்ச் சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததால் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு மறுபடி அதே பெயர். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஒரே வீட்டில் இரண்டு ஜானெட், இரண்டு வில்லியம் வருவதைப் பார்த்தால், நடுவில் ஒரு சின்னச் சவப்பெட்டி போயிருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

தாத்தாவின் பெயரைக் காப்பாற்றியே ஆக வேண்டும், ஆனால் பிறந்தது பெண் என்றால்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஆண் பெயரின் வாலில் ஒரு 'ஈனா' ஒட்டினால் முடிந்தது. டொனால்டீனா, மர்டீனா, கென்னத்தீனா, ஹ்யூவீனா, ஜேம்ஸீனா! கேட்க மருந்து பெயர் மாதிரி இருக்கலாம். ஆனால் 1857-ல் டண்டி நகரில் பிறந்த வில்லியமீனா ஃப்ளெமிங் இந்த ரகம்தான். கணவன் கைவிட்ட பிறகு ஹார்வர்ட் வானாய்வுக்கூட இயக்குநர் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்து, பிறகு அதே வானாய்வுக்கூடத்தில் வானியலாளராக உயர்ந்து, 1888-ல் குதிரைத்தலை நெபுலாவைக் கண்டுபிடித்தவர்.

தாத்தா பெயரே பேரன்களுக்கு என்றால் ஊர் முழுக்க ஒரே பெயராகிவிடும் அல்லவா? ஆனது. வடகிழக்குக் கரையின் மீனவக் கிராமங்களில் ஒரே தெருவில் அரை டஜன் ஜார்ஜ் கோவிகள் இருப்பார்கள். கடைக்காரர் யார் கணக்கில் பற்று எழுதுவார்? அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'டீ நேம்' என்பார்கள். கிண்டலுக்கு வைத்ததாக இருந்தாலும் பேரேட்டில் அதுதான் ஏறும். மேற்குத் தீவுகளில் பெரியவன், கறுப்பன், வெளுத்தவன், சின்னவன் என்று அடைமொழி சேர்ப்பார்கள். ராப் ராய் என்ற பெயரில் வரும் ராய் இப்படி வந்த அடைமொழிதான். கேலிக்கில் 'ருவா' என்றால் சிவப்பு. செம்பட்டை முடிக்காரர் என்பதால் ராபர்ட், ராப் ராய் ஆனார். இன்று உலகமெங்கும் ராய் என்ற பெயரில் இருப்பவர்களில் பலருக்கு மூலம் இந்தச் செம்பட்டைத் தலைதான். (வங்காளத்து ராய் வேறு, அது ராஜாவிலிருந்து வந்தது.)

ராப் ராயின் முழுப் பெயர் ராபர்ட் மெக்ரெகர். ஆனால் வாழ்நாளில் பெரும் பகுதி அவர் கையெழுத்துப் போட்டது காம்ப்பெல் என்று, தாயின் குலப் பெயரில். சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டால் சட்ட விரோதம்!

1603 பிப்ரவரியில் க்ளென் ஃப்ரூயின் என்ற பள்ளத்தாக்கில் மெக்ரெகர் குலத்தார் கோஹூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். ஆறாம் ஜேம்ஸ் அரசருக்கு அப்போது இங்கிலாந்தின் அரியணையும் வந்து சேர்ந்திருந்தது, எலிசபெத் இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவர் லண்டனுக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்பு, ஏப்ரல் 3-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் அரசவைக் குழு ஓர் ஆணை போட்டது. மெக்ரெகர் என்ற பெயரே இனி இருக்கக் கூடாது. அந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் வேறு பெயருக்கு மாற வேண்டும், மறுத்தால் மரண தண்டனை. குலத் தலைவர் அலஸ்டர் மெக்ரெகர் 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். மற்றவர்கள் முர்ரே, டிரம்மண்ட், கிராண்ட், காம்ப்பெல் என்று கிடைத்த பெயருக்குள் புகுந்துகொண்டார்கள். 1661-ல் தடை நீங்கியது, 1693-ல் மறுபடி வந்தது, 1774-ல்தான் ஒரேயடியாக ஒழிந்தது. நூற்று எழுபது வருடம்! அதாவது ஐந்தாறு தலைமுறை தங்கள் பெயர் என்ன என்று வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டது. கொலை செய்தவனைத் தண்டிப்பது ஒரு ரகம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயரைக் குற்றமாக்குவது எந்த ரகம் என்று தெரியவில்லை. தடை நீங்கிய பிறகு பலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், பலர் திரும்பவே இல்லை. இன்றும் ஸ்காட்லாந்தில் பையன்களுக்கு கிரெகர் என்று வைக்கிறார்கள். கிரேக்கத்தில் 'விழித்திருப்பவன்' என்று பொருள்.

மெக்ரெகர்களுக்கு நேர்ந்தது கத்தியைக் காட்டி. மற்றவர்களுக்கு நேர்ந்தது பேனாவால். 1746 ஏப்ரலில் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்ற பிறகு அவர்களின் உடை, ஆயுதம், குல அமைப்பு எல்லாம் குறி வைக்கப்பட்டன. 1855-ல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயமானது. பதிவேடு ஆங்கிலத்தில். 1872-ன் கல்விச் சட்டத்தில் கேலிக் என்ற சொல்லே இல்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளி வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் என்ற இரட்டை வாழ்க்கை தொடங்கியது.

பெயரை மொழிபெயர்த்தார்கள் என்று சொன்னால் அது ரொம்ப மரியாதையான வார்த்தை. காதுக்கு ஏதோ பக்கத்தில் கேட்டால் போதும், எழுதிவிட வேண்டியதுதான். தோர் தேவனின் பெயரைத் தாங்கிய டார்மொட், ஆங்கிலத்தில் நார்மன் ஆனான். குதிரை என்ற சொல்லிலிருந்து வந்த எக்கன் என்ற பெயர், டிராய் நாட்டு ஹெக்டர் ஆனது. ஆங்கஸ் சில இடங்களில் வர்ஜிலின் ஈனியஸ் ஆனான். 'ஆயரின் பணியாள்' என்று பொருள்படும் கில்லெஸ்பிக், ஆர்ச்சிபால்ட் ஆனதற்கு என்ன தர்க்கம் என்று கேட்கவே வேண்டாம். பெஹக் என்ற பெண் ரெபெக்கா ஆனாள், சில ஊர்களில் சோஃபியா. ஒய்ரிக் என்ற பாவப்பட்ட பெயர் எஃபி, யூஃபீமியா, ஹென்ரியட்டா, எரிக்கா என்று வாயில் வந்ததெல்லாம் ஆனது. 1746-ல் தோற்று ஓடிய இளவரசன் சார்லஸுக்குப் பெண் வேடம் போட்டுத் தப்ப வைத்த வீராங்கனையை உலகம் ஃப்ளோரா மெக்டொனால்ட் என்று அறியும். அவர் கேலிக் பெயர் ஃபின்னகல். ரோமானிய மலர் தேவதைக்கும் அந்தப் பெயருக்கும் முதல் எழுத்தைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.

1891 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கேலிக் பேசினார்கள். 2011-ல் அது சுமார் 57 ஆயிரம். 2022-ல் ஏறத்தாழ 70 ஆயிரமாகக் கூடியிருக்கிறது. பேசுவோர் குறைந்த அதே காலத்தில்தான் அந்த மொழியின் பெயர்கள் உலகச் சந்தையில் விலை போக ஆரம்பித்தன என்பது இந்தக் கதையின் விசித்திரம். அதற்கு முதல் காரணம் ஜேம்ஸ் மெக்ஃபெர்சன் என்ற ஒரு கில்லாடி.

1736-ல் பிறந்த மெக்ஃபெர்சன், 1760 முதல் அடுத்தடுத்து மூன்று புத்தகங்கள் வெளியிட்டார். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒசியன் என்ற கேலிக் புலவனின் காவியங்களைத் தேடி எடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்ததாகச் சொன்னார். ஐரோப்பாவே பைத்தியம் பிடித்து அலைந்தது. மூலச் சுவடி எங்கே என்று சாமுவேல் ஜான்சன் கேட்டார். சுவடி கடைசி வரை வரவில்லை. வாய்மொழியாக வழங்கிய நிஜப் பாடல்களை அங்கங்கே எடுத்து, மீதியைத் தானே எழுதிச் சேர்த்தார் என்பதுதான் இன்றைய ஆய்வாளர்கள் பொதுவாக வந்திருக்கும் முடிவு. ஆனால் பெயர்களுக்கு அசல் போலி தெரியாதே! மால்வினா, செல்மா இரண்டும் அந்தப் புத்தகங்களிலிருந்து கிளம்பியவை. ஃபியோனாவையும் மெக்ஃபெர்சன் கணக்கில்தான் எழுதுகிறார்கள். 'வெண்மை' என்ற கேலிக் சொல்லுக்குப் பெண்பால் வால் ஒட்டியது. பிறகு 1890-களில் வில்லியம் ஷார்ப் என்ற எழுத்தாளர் ஃபியோனா மெக்லியோட் என்ற பெண் பெயருக்குள் ஒளிந்துகொண்டு எழுதிப் பெயரைப் பரப்பினார். 1905-ல் அவர் இறந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 'ஷ்ரெக்' படத்து இளவரசி ஃபியோனாவுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

ஆஸ்கர் கதை இதைவிட ஜோர். பழைய கேலிக் கதைகளில் ஒசியனின் மகன் பெயர் அது. நெப்போலியன் ஒசியன் ரசிகர். 1799-ல் தன் தளபதி பெர்னடோட்டுக்குப் பிறந்த பையனுக்கு அவர் ஞானத்தகப்பனாக இருந்து, ஆஸ்கர் என்ற பெயரும் அவர் விருப்பத்தில்தான் வைக்கப்பட்டது என்கிறார்கள். 1810-ல் ஸ்வீடன் நாட்டார் பெர்னடோட்டைத் தங்கள் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். விளைவு, 1844-ல் முதலாம் ஆஸ்கர் ஸ்வீடன், நார்வே இரண்டுக்கும் அரசர்! வைக்கிங்குகள் தோர் பெயரைக் கொண்டுவந்து ஸ்காட்லாந்தில் இறக்கினார்கள், ஸ்காட்லாந்தோ ஒரு பெயரை அந்தப் பக்கத்துச் சிம்மாசனத்திலேயே ஏற்றிவிட்டது. கணக்கு நேர்.

இந்த மெக்ஃபெர்சனுக்கும் நம்மூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் பணம் சம்பாதித்தது காவியத்தில் மட்டும் இல்லை. சென்னை வாலாஜா சாலைக்குப் பெயர் தந்த ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்கு லண்டனில் ஏஜெண்டாக இருந்தார். இதற்கு முன் அந்த வேலையைப் பார்த்த உறவினர் ஜான் மெக்ஃபெர்சன், 1785-ல் கவர்னர் ஜெனரல் பதவிக்கே போனார். நவாபின் கடன் எவ்வளவு பெரிய நாற்றமெடுத்த விவகாரம் என்பது 1785-ல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றியே தனியாகப் பேசிய நீண்ட உரையில் தெரியும். ஆக, ஃபியோனாவுக்கும் ஆஸ்கருக்கும் பெயர் சூட்டிய கைக்கு ஆற்காட்டுப் பணமும் கொஞ்சம் வந்து சேர்ந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு மோகம் கிளம்பியது. குலப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் குழந்தைக்கு முன்பெயர் ஆயின. கார்டன் ஒரு ஊர். 1885-ல் கார்ட்டூமில் ஜெனரல் கார்டன் கொல்லப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கான பையன்களுக்கு அது பெயர். புரூஸ், நார்மண்டியிலிருந்து வந்த குடும்பம். ஸ்டூவர்ட் என்றால் அரண்மனை நிர்வாகி. பதவிப் பெயர் குடும்பப் பெயராகி, குடும்பம் அரச வம்சமாகி, பிறகு பக்கத்து வீட்டுப் பையனின் பெயராகவும் ஆனது. டக்ளஸ் என்றால் கறுப்பு நீரோடை; இன்று முழுக்க ஆண் பெயர், ஆனால் முதலாம் எலிசபெத் அரசவையில் டக்ளஸ் ஹோவர்ட் என்று ஒரு சீமாட்டி இருந்தார்.

பெயர்ப் புத்தகங்களில் இவற்றுக்குத் தரும் அர்த்தங்களை நம்பி ஏமாறக் கூடாது. கைல் என்றால் 'அழகன்' என்று போட்டிருப்பார்கள். நிஜத்தில் இரண்டு கரைகளுக்கு நடுவே உள்ள குறுகிய கடல்வழி. கிரெய்க் என்றால் பாறை, ராஸ் என்றால் முனை, லோகன் என்றால் சின்னப் பள்ளம். மலைநாட்டுக் கேமரூன் குலப் பெயருக்குக் 'கோணல் மூக்கு' என்று பொருள். காம்ப்பெல், 'கோணல் வாய்'. கேமரூன் டயஸைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். யாரோ ஒரு முப்பாட்டனின் மூக்கைப் பார்த்து ஊர் வைத்த பெயர், வம்சம் முழுக்க ஒட்டிக்கொண்டது. இப்போது ஸ்காட்லாந்தில் முன்வரிசையில் இருக்கும் ஐலா என்ற பெண் பெயர் ஆற்றின் பெயர். எழுத்தில் நடுவே ஒரு 'எஸ்' உண்டு, அதை உச்சரிக்கக் கூடாது.

மெக்கன்சி விஷயம்தான் உச்சம். அமெரிக்காவில் சில பத்தாண்டுகளாக அது பெண் குழந்தைகளுக்குப் பிடித்த பெயர். கேலிக்கில் 'மெக் கொய்ன்னிக்', கென்னத்தின் மகன். பெண் பிள்ளைக்கு 'மகன்' என்று பெயர் வைத்தாயிற்று! கேலிக் மரபில் அந்தக் குலத்துப் பெண் 'நிக் கொய்ன்னிக்', கென்னத்தின் மகள். அந்தப் பெயரை நம்மூர் வரலாற்று மாணவர்கள் வேறு விதத்தில் அறிவார்கள். லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்த காலின் மெக்கன்சி, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர், தென்னிந்தியா முழுக்க ஆட்களை அனுப்பிச் சுவடிகளையும் கல்வெட்டுப் பிரதிகளையும் திரட்டியவர். அந்தத் தொகுப்பில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

சென்னையில் குதிரைச் சிலையாக நிற்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். 1800 முதல் 1807 வரை இன்றைய ராயலசீமைப் பகுதியில் கலெக்டராக இருந்தார், 1820-ல் மதராஸ் கவர்னர் ஆனார், 1827-ல் அதே பகுதியில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். ரயத்துவாரி முறையோடு சேர்த்துப் பாடப் புத்தகத்தில் படித்த அதே மன்றோதான். அந்தச் சீமையில் அவர் நினைவாகப் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். மன்றோ என்பதற்கு அயர்லாந்தில் ரோ ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வந்தவர்கள் என்று அந்தக் குலத்தாரே சொல்லிக்கொள்ளும் பொருள். பின்னால் உள்ள அப்பா மட்டும் உள்ளூர்ச் சரக்கு.